பழைய கெப்பைத் திருத்துவதா, புதியதை வாங்குவதா?



இப்பக்கத்துக்கு வரும் கடிதங்களில் ஒரு விடயம் சில காலமாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டு வருகிறது. கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருப்பதை இங்கு சுருக்கித் தருகிறேன். அவருடைய கணவரிடம் தொண்ணூறுகளில் இறக்குமதியான ஒரு டீசல் கெப் இருக்கிறது. போகங்களில் நெல்லும் உரமும் ஏற்றுவார். இடைக்காலத்தில் கடைச் சாமான் ஏற்றுவார். வண்டி புகைக்கிறது, மேட்டில் இழுக்கிறதில்லை, மாதம் ஒரு முறையாவது கராஜில் நிற்கிறது. "இனி இதற்குச் செலவழிப்பது வீண். இதையும் விற்று, உன்னுடைய நகையையும் விற்று, மிச்சத்தை லீசிங்கில் போட்டுப் புதிய டபிள் கெப் ஒன்றை எடுப்போம்" என்று கணவர் சொல்கிறார். சகோதரி தயங்குகிறார். "மௌலவி, நான் மறுப்பது பிழையா?" என்று கேட்கிறார்.

வாகனத்தைப் பற்றி மௌலவியிடம் கேட்கிறார்களே என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்தக் கடிதத்தில் ஒரு குடும்பத்தின் வருமானம், ஐந்து வருடக் கடன், ஒரு பெண்ணின் தனிச்சொத்து, பாதையில் போகிறவர்களின் உயிர் எல்லாம் அடங்கியிருக்கின்றன. இயந்திர விடயத்தைப் பொறுத்தவரை, என்னிடம் ஓதிய மாணவர்கள் மூவர் இன்று சொந்தமாகக் கராஜ் நடத்துகிறார்கள். அஸருக்குப் பின் அங்கே ஒரு வாங்கில் அமர்ந்து தேநீர் குடிப்பது என் பழைய பழக்கம். ஆகவே இம்மாதம் இதைக் கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

முதலில் காலச் சூழலைப் பாருங்கள். 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ ஐந்து வருடங்களுக்குப் பின், 2025 பெப்ரவரி மாதத்தில்தான் தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் 2022ஆம் ஆண்டு ரூபாவின் பெறுமதி சரிந்ததையும், எரிபொருள் வரிசைகளில் இரவு முழுக்க வண்டிக்குள் தூங்கியதையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஐந்து வருடங்கள் நம் மக்களின் மனதில் ஒரு தவறான எண்ணத்தைப் பதித்துவிட்டன. வாகனம் வாங்கினால் விலை ஏறும், அது ஒரு சேமிப்பு என்பதே அந்த எண்ணம். புதியது வராத காலத்தில் பழையது விலை ஏறியது உண்மை. ஆனால் அது பஞ்ச காலத்து விலை. வாகனம் என்பது ஓட ஓடத் தேய்கின்ற பொருள். அது நிலமுமல்ல, தங்கமுமல்ல. இறக்குமதி திறந்த பின்பும் வரிகள் மிகக் கனமாகவே விதிக்கப்பட்டன. விலையில் பெரும் பகுதி வரியாகவே போய்விடுகிறது. அந்த வரிக்கும் சேர்த்துத்தான் நீங்கள் கடன் எடுக்கிறீர்கள்.

இனி கணக்குக்கு வருவோம். கீழே வரும் தொகைகள் விளக்கத்துக்காக நான் எடுத்துக் கொண்டவை. உங்கள் ஊர் நிலவரத்தை நீங்கள் அவ்விடத்தில் இட்டுப் பாருங்கள்.

பழைய வண்டியையும் நகையையும் விற்ற பின்னரும் 60 இலட்சம் ரூபா தேவைப்படுகிறது என்று வைத்துக் கொள்வோம். அதை வருடத்துக்கு 15 வீத வட்டியில், ஐந்து வருடத் தவணையில் ஒருவர் எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 1,42,740 ரூபா. அறுபது மாதங்களில் அவர் கட்டி முடிப்பது 85 இலட்சத்து 64 ஆயிரத்துச் சொச்சம். அதாவது 60 இலட்சத்துக்கு மேலதிகமாக 25 இலட்சத்துக்கும் கூடிய தொகை. லீசிங் எடுத்த வாகனத்துக்கு முழுக் காப்புறுதி எடுத்தேயாக வேண்டும். பழைய வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு சமாளித்தவருக்கு இதுவும் புதிய செலவு.

"டீசல் மிச்சமாகுமே!" என்பார்கள். வாகனம் வாங்க நினைக்கும் ஆண்கள் அனைவரும் முதலில் சொல்லும் நியாயம் இதுதான். சரி, பார்ப்போம். பழைய வண்டி லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடுகிறது, புதியது 12 ஓடும் என்று வையுங்கள். மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடினால் பழையதற்கு 167 லீற்றரளவு, புதியதற்கு 125 லீற்றர். மிச்சம் 42 லீற்றர்தான். லீற்றர் 300 ரூபா என்றால் மாதத்துக்கு 12,500 ரூபா. ஒரு இலட்சத்து நாற்பத்திரண்டாயிரத்தைக் கட்டிப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறை மிச்சம் பிடிப்பதற்கு என்ன பெயர் வைப்பது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். மாதம் 4,000 கிலோமீற்றர் ஓடுகிறவருக்குக் கூட மிச்சம் 33 ஆயிரத்தளவில்தான் வரும். ஆகவே டீசல் மிச்சம் ஒருபோதும் புதிய வாகனத்தின் தவணையைக் கட்டாது. புதிய வாகனம் கொண்டுவரும் மேலதிக வருமானம் மட்டுமே அதைக் கட்டும். அந்த வருமானம் எங்கிருந்து வரும், யார் தருவார், எந்த மாதத்தில் தருவார் என்பதைத்தான் கணவனும் மனைவியும் அமர்ந்து எழுதிப் பார்க்க வேண்டும்.

எந்த மாதத்தில் என்று நான் சொன்னதற்குக் காரணமிருக்கிறது. அம்பாறைப் பக்கத்து நெல் வியாபாரத்துக்கு வருடத்தில் இரண்டு காலம்தான். பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில். சிறுபோக அறுவடை ஓகஸ்ட்டை ஒட்டி. வண்டிக்கு நெருக்கமான வேலை அந்தச் சில கிழமைகளில்தான். ஆனால் தவணை பன்னிரண்டு மாதமும் வரும். நவம்பர் மழையில் வயல் வெள்ளத்தில் கிடக்கும்போதும் வரும். நோன்பு மாதத்திலும் பெருநாள் மாதத்திலும் வரும். போக வருமானக்காரர் மாதத் தவணைக் கடனில் மாட்டிக் கொண்டு, தவணைக்காகக் கைமாற்று வாங்கி, அந்தக் கைமாற்றுக்காக இன்னொன்று வாங்கி, ஈற்றில் வண்டியையும் இழந்த சம்பவங்களை நாம் நமது ஊர்களிலேயே கண்டிருக்கிறோம். மூன்று, நான்கு தவணை தவறினால் ஆள் வந்து திறப்பைக் கேட்பார். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று எழுதப்பட்டிருப்பது நீங்களல்ல, நிதி நிறுவனம்.

லீசிங் என்ற சொல்லைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. "லீசிங் என்பது வாடகைதானே, இஜாராதானே" என்று சிலர் இலகுவாகச் சொல்லிவிடுகிறார்கள். ஃபிக்ஹில் இஜாரா என்றால் பொருள் வாடகைக்கு விடுபவருக்கு உண்மையாகவே சொந்தமாக இருக்க வேண்டும். பயன்படுத்துபவரின் கவனயீனமின்றிப் பொருள் அழிந்தால் அந்த நட்டம் உரிமையாளருடையது. அழிந்த பின் வாடகையும் நிற்கும். வழமையான லீசிங்கில் வண்டி தீப்பற்றினாலும் தவணை நிற்காது. எல்லா ஆபத்தும் எடுப்பவர் தலையில், உரிமை மட்டும் கொடுப்பவர் கையில். பெயரில் வாடகை இருந்தாலும் உள்ளே ஓடுவது வட்டிக் கணக்குத்தான். முராபஹா என்பது வேறு. நிறுவனம் வாகனத்தைத் தான் வாங்கித் தன் பொறுப்பில் எடுத்து, வாங்கிய விலையையும் தன் இலாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லி உங்களுக்குத் தவணையில் விற்கிறது. பேசிய விலை பின்னர் கூடாது. நமது நாட்டில் 2005ஆம் ஆண்டு வங்கிச் சட்டத் திருத்தத்துக்குப் பின் இவ்வகைக் கொடுக்கல் வாங்கல்களுக்கு வழி திறந்தது. 2011இல் முழுமையாக இம்முறையில் இயங்கும் வங்கியொன்றும் ஆரம்பிக்கப்பட்டது. ஆகவே வழி இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று: முராபஹாவில் எடுத்தாலும் தவணை தவணைதான். ஹலாலான ஒப்பந்தம் என்பதற்காகக் கட்ட முடியாத கடன் கட்டக் கூடியதாக மாறிவிடாது. பெயர்ப்பலகையை மட்டும் பார்த்துக் கையொப்பமிடாமல், வண்டி அழிந்தால் யார் பொறுப்பு, தவணை பிந்தினால் அறவிடும் பணம் எங்கே போகிறது என்ற இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிறவரிடம் கையொப்பமிட அவசரப்பட வேண்டாம்.

அடுத்து, நகை. சகோதரி மறுப்பதில் பிழையேதும் இல்லை. மஹராக வந்ததும் தாய் வீட்டிலிருந்து வந்ததும் அவருடைய தனிச்சொத்து. கணவர் கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. மனமொப்பிக் கொடுத்தால் அது அவருடைய பெருந்தன்மை. கொடுக்கும்போது அன்பளிப்பா, கடனா, வண்டியில் ஒரு பங்கா என்பதைப் பேசி எழுதிக் கொள்ள வேண்டும். கடனென்றால் பணமாகத் திருப்புவதா, அதே எடைத் தங்கமாகத் திருப்புவதா என்பதையும் எழுதுங்கள். தங்கம் விலை ஏறிய இந்த வருடங்களில், வாயால் மட்டும் பேசிவிட்டுப் பின்னர் மனக்கசப்பில் முடிந்த வீடுகள் ஒன்றிரண்டல்ல. பங்கென்றால் வண்டியின் வருமானத்திலும் அவருக்குப் பங்குண்டு. நம்மவர்கள் இந்த இடத்தில்தான் மௌனமாகி விடுவார்கள்!

இனி கராஜுக்குப் போவோம். பழையதைத் திருத்துவது என்று முடிவெடுப்பதாயினும் எல்லாப் பழைய வண்டியும் திருத்தத் தகுதியானதல்ல. எஞ்ஜினைப் பார்ப்பதற்கு முன் சேஸியைப் பாருங்கள். எஞ்ஜின் மாற்றக் கூடிய பொருள். கியர் பெட்டி மாற்றக் கூடியது. சேஸிதான் வண்டியின் முதுகெலும்பு. கடற்கரை ஊர்களில், அதிலும் மீன் ஏற்றிய வண்டிகளில், உப்புத் தண்ணீர் பின் வில்லுத் தகடுகள் பிடித்திருக்கும் இடங்களில் தேங்கி உள்ளிருந்து அரிக்கும். மேலே பூசிய கறுப்புத் தார் அதை மறைத்துவிடும். வண்டியை உயர்த்தி, ஒரு சிறு சுத்தியலால் சேஸியை வழிநெடுகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உக்கியது மந்தமாக ஒலிக்கும். வில்லுத் தாங்கியோ ஸ்டியரிங் பெட்டி பூட்டிய இடமோ உக்கியிருந்தால் அதன் மேல் தகடு வைத்து ஒட்டிக்கொண்டு பாரம் ஏற்றாதீர்கள். அந்த வண்டிக்கு இனி ஒரு ரூபாவும் செலவழிக்க வேண்டாம்.

சேஸி நல்லதென்றால் பிறகு எஞ்ஜின். காலையில் எஞ்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே நின்று ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பாருங்கள். கறுப்புப் புகை என்றால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் காற்று வடியோ, இன்ஜெக்டர் நொசிலோ, பம்பின் அளவோ பிழை. வெண்புகை விடாமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை அல்லது ரேடியேற்றர் தண்ணீர் உள்ளே போகிறது. நீலப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். ஓடிக் கொண்டிருக்கும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வீசினால் ரிங்ஸும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன. நான்கு சிலிண்டரின் கொம்பிரஷனையும் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். அதில் ஒன்று மட்டும் மற்றவற்றை விட மிகக் குறைந்திருந்தால் காரணம் தேட வேண்டும். காதால் கேட்டு "எஞ்ஜின் முடிந்துவிட்டது, ஜப்பான் எஞ்ஜின் ஒன்று இறக்குவோம்" என்று சொல்கிற பாஸிடம், அளந்து காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

நமது ஊர்களில் இன்னும் ஓடும் பழைய கெப்புகளில் டொயோட்டா ஹைலக்ஸ்தான் கூட. அவற்றில் 2எல், 3எல், 5எல் என்ற எஞ்ஜின்கள் இருக்கும். முறையே 2,446, 2,779, 2,986 சீசீ. கணினி இல்லை, கம்பி குறைவு, கிராமத்து மெக்கானிக்கும் திறந்து மூடக் கூடியவை. பஞ்சிகாவத்தையில் தேடினால் இன்றும் உதிரிப் பாகம் கிடைக்கிறது. இவற்றின் எதிரி சூடுதான். ஒரு முறை கொதிக்க விட்டால் ஹெட் வெடிக்கலாம். ஆகவே பழைய வண்டிக்குச் செலவழிக்கும் முதல் பணம் ரேடியேற்றர், தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்ப், ஹோஸ் குழாய்கள் ஆகியவற்றுக்குப் போகட்டும். கிணற்றுத் தண்ணீரை ஊற்றாமல் கூலன்ட் ஊற்றுங்கள். நம் கரையோரக் கிணறுகளின் உவர் நீர் ரேடியேற்றரை உள்ளே சுண்ணாம்பாக்கிவிடும்.

இரண்டாவது, டைமிங் பெல்ட். இந்த எல் ரக எஞ்ஜின்களுக்கும், மிட்சுபிஷியின் 4டி56க்கும் பெல்ட் உண்டு. ஈசுசு 4ஜேபி1 போன்றவற்றில் பெல்ட்டுக்குப் பதில் பற்சக்கரங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்ஜின் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். பழைய ஹைலக்ஸ்களின் டாஷ்போர்டில் ஒரு சின்ன விளக்கு இருக்கும். ஒரு இலட்சம் கிலோமீற்றர் ஆனதும் பெல்ட்டை மாற்றச் சொல்லி எரியும். அந்த விளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு வண்டி விற்றவர்களும் நம் சமூகத்தில் உண்டு. குறையை மறைத்து விற்பது மோசடி என்பது மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். மறைக்கப்பட்ட பழைய குறை தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டென்பது ஃபிக்ஹ் நூல்களில் தெளிவாக இருக்கிறது. மீற்றரைப் பின்னுக்குத் திருப்புவதும் இதில் அடங்கும். இறக்குமதி வண்டியாயினும் சரி, பள்ளித் தலைவர் விற்கும் வண்டியாயினும் சரி!

மூன்றாவது, பிரேக். நான் சொல்வேன், உண்மையில் இதுதான் முதலாவது. கிழக்கிலிருந்து கண்டிக்கு மஹியங்கனை வழியாகப் போகிறவர்களுக்கு அந்தப் பதினெட்டு வளைவுகளைத் தெரியும். திரும்பி வரும்போது பாரத்தோடு இறங்க வேண்டும். பழைய வண்டியில் பின் அச்சுக்கு அருகில், பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு இருக்கிறது. அது துருப்பிடித்து இறுகிப் போயிருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. பிரேக் ஒயில் வருடக்கணக்காக மாற்றப்படாமல் கறுத்துக் கிடக்கும். அதில் ஈரம் சேர்ந்தால் நீண்ட இறக்கத்தில் கொதித்து, மிதி தரைக்குப் போகும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ், ஒயில், டயர், ஆசனப் பட்டி எல்லாவற்றையும் ஒரே தடவையில் புதிதாக்குங்கள். இதற்காகும் செலவில் பேரம் பேசுகிறவர் வண்டியை ஓட்டாமலிருப்பது நல்லது. புதிய வாகனத்தின் பக்கம் உள்ள உண்மையான நியாயமும் இதுவேதான். டீசல் மிச்சத்தைச் சொல்லி வாதாடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. பிரேக் பூட்டிக் கொள்ளாமல் தடுக்கும் முறை, காற்றுப் பை, மோதினால் நசுங்கி உள்ளிருப்பவரைக் காக்கும் உடல் அமைப்பு எல்லாம் பழைய வண்டிக்கு எந்தக் கராஜிலும் பூட்ட முடியாதவை. வாகனத்தில் தினமும் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர், பின் பெட்டியில் கூலியாட்களை ஏற்றுகிறவர் இதை யோசிக்க வேண்டும். (பின் பெட்டியில் மத்ரஸாப் பிள்ளைகளை நிறுத்தி ஏற்றிச் செல்வதை நான் எத்தனை முறை கண்டித்தும் சில நிர்வாகத்தினர் விடுவதாக இல்லை.)

திருத்துவது என்று தொடங்கி அலங்காரத்தில் முடிப்பவர்களும் இருக்கிறார்கள். குறிப்பாக இளைஞர்கள். டர்போ இல்லாத எஞ்ஜினுக்கு டர்போ பூட்டுவது இப்போது ஒரு மோகம். அந்தப் பழைய எஞ்ஜின்கள் 22க்கு 1 என்ற அளவில் காற்றை அழுத்துவதற்கு அமைக்கப்பட்டவை. அதற்கு மேலும் காற்றைத் திணித்தால் வெப்பமும் அழுத்தமும் பிஸ்டனிலும் ஹெட்டிலும்தான் போய் விழும். டர்போவுக்கென்றே அமைந்த பின்னைய எஞ்ஜின்களில் இந்த அளவு மிகக் குறைவு. ஹைலக்ஸின் புதிய 2.8 லீற்றர் எஞ்ஜினில் 15.6க்கு 1. பம்பின் திருகாணியைத் திருகி டீசலைக் கூட்டுவதும் அப்படித்தான்: இழுவை கொஞ்சம், புகை மிகுதி, புகைப் பரிசோதனையில் தோல்வி, வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாத அலைச்சல். அகன்ற டயர், உயர்த்திய வில்லு, முன்னால் பளபளக்கும் குழாய்க் கம்பி எல்லாம் இஸ்ராஃப் கணக்கில் போகட்டும்.

எஞ்ஜின் உண்மையிலேயே முடிந்திருந்தால், இருப்பதையே முறையாகச் செய்வதா, பாவித்த ஜப்பான் எஞ்ஜின் ஒன்றைப் போடுவதா என்ற கேள்வி வரும். பாவித்த எஞ்ஜின் விரைவு. ஆனால் அதன் வரலாறு எவருக்கும் தெரியாது. போடுவதானால் அது இறக்குமதியானதற்கான ஆவணத்தின் பிரதியைக் கடைக்காரரிடம் வாங்கி, புதிய எஞ்ஜின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து கொள்ளுங்கள். "யார் பார்க்கப் போகிறார்கள்" என்று விட்டவர்கள், விற்கும் நாளில் அல்லது பொலிஸ் நிறுத்தும் நாளில் படும் பாடு எனக்குத் தெரியும்.

இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்பது இலட்சம் ஆகிறதென்றே வையுங்கள். முன்னே சொன்ன தவணையில் அது ஆறு மாதத்துக்குச் சற்று அதிகம். ஏழாம் மாதத்திலிருந்து உழைப்பது உங்கள் கைக்கு வரும். ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒன்பது இலட்சத்தை ஒரே திட்டமாகச் செலவழிப்பது வேறு. இன்று முப்பதாயிரம், அடுத்த மாதம் ஐம்பதாயிரம் என்று மூன்று வருடம் கசிய விடுவது வேறு. சகோதரியின் கணவர் வெறுத்துப் போனது இந்தக் கசிவினால்தான் என்று நினைக்கிறேன். நின்ற பின் திருத்துவதும், பாரத்தோடு பாதி வழியில் நிற்பதும் மனிதனைக் களைக்க வைத்துவிடும். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மீன் ஏற்றுகிறவருக்கு ஒரு நாள் நின்றால் சரக்கே போய்விடும். வண்டியைப் பத்து நாள் வேலையில்லாத காலத்தில் நிறுத்தி, செய்ய வேண்டியதைக் கடதாசியில் எழுதி, ஒன்றாகச் செய்து முடியுங்கள். கழற்றிய பழைய பாகங்களை வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.

யாருக்குப் புதியது சரி? பாரம் வளர்ந்துவிட்டவருக்கு. ஒரு தொன்னளவு ஏற்றுவதற்கு அமைந்த கெப்பில் இரண்டு தொன் ஏற்றி ஓடுகிறவருக்கு இன்னொரு கெப் தீர்வல்ல, அது எவ்வளவு புதியதாக இருந்தாலும். அவருக்குத் தேவை ஒரு சிறிய லொறி. கெண்டர், ஈசுசு எல்ஃப் போன்ற பதினான்கரை அடி லொறி, டபிள் கெப்பைப் போல் கல்யாண வீட்டு வாசலில் எடுப்பாக நிற்காது, ஆனால் உழைக்கும். டபிள் கெப் நமது சமூகத்தில் பாதி வாகனம், பாதி அந்தஸ்து. அந்தப் பாதி அந்தஸ்துக்குத்தான் கூடிய தவணை கட்டுகிறோம். அதுபோல் வருடம் முழுதும் எழுத்து மூல ஒப்பந்தத்தில் ஓடுகிறவர், சேஸி உக்கியவர், கையில் முக்கால் பங்குப் பணம் உள்ளவர் ஆகியோர் தாராளமாகப் புதியதைப் பார்க்கலாம்.

இடையில் ஒரு வழியும் இருக்கிறது. பழையதை விற்று, கையிலுள்ள பணத்தைப் போட்டு, பத்துப் பதினைந்து வருடம் இளையதான ஒன்றைக் கடனில்லாமல் வாங்குவது. நல்ல யோசனைதான். ஆயினும் 2005க்குப் பிந்திய ஹைலக்ஸ்களில் 1கேடி, 2கேடி போன்ற கொமன் ரெயில் எஞ்ஜின்கள் வருகின்றன. இழுவையும் சிக்கனமும் அதிகம். ஆனால் இன்ஜெக்டர்கள் மிக நுண்ணியவை. தண்ணீர் கலந்த டீசலும், பீப்பாயில் வாங்கிய டீசலும் அவற்றைக் கொன்றுவிடும். நான்கையும் ஒன்றாக மாற்ற நேர்ந்தால் அந்தப் பணத்தில் பழைய எஞ்ஜினின் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடலாம். அண்மைக்கால வண்டிகள் சிலவற்றில் புகையை வடிக்கும் வடியும் இருக்கிறது. அவற்றுக்குக் கந்தகம் குறைந்த டீசல் வேண்டும். சாதாரண ஓட்டோ டீசலை ஊற்றி, ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன ஓட்டம் ஓடினால் வடி அடைத்துக் கொள்ளும். உங்கள் ஊர் நிரப்பு நிலையத்தில் சுப்பர் டீசல் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்பதை வண்டி பார்க்கப் போகுமுன்பே விசாரியுங்கள். திருத்தத் தெரிந்த மெக்கானிக் அருகில் இருக்கிறாரா என்பதையும் கேளுங்கள்.

சகோதரிக்கு என் ஆலோசனை: கணவரோடு சண்டையிட வேண்டாம். கடந்த இரண்டு வருடத்தில் வண்டி உழைத்தது எவ்வளவு, கராஜுக்குப் போனது எவ்வளவு என்று இருவரும் கொப்பி ஒன்றில் எழுதுங்கள். சேஸியைத் தட்டிப் பார்க்க, வண்டி விற்பதிலோ திருத்துவதிலோ இலாபமில்லாத ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். சேஸி நல்லதென்றால் சிறுபோகத்துக்கு முன் திருத்தி முடிக்கலாம். உக்கியதென்றால், நகையில் கைவைக்காமல் கையிலுள்ளதற்கு ஏற்ற ஒன்றைத் தேடச் சொல்லுங்கள்.

பழையதை விற்பவர்களுக்கு இன்னுமொன்று. ஓபன் பேப்பரில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டுக் காசை எண்ணிக் கொண்டு வந்துவிடாதீர்கள். அந்த வண்டி நான்கு கை மாறி, எங்கோ ஒருவரை மோதிவிட்டுப் போனாலும், களவுச் சாமான் ஏற்றி அகப்பட்டாலும் பொலிஸார் தேடி வருவது பதிவுப் புத்தகத்தில் பெயருள்ளவரின் வீட்டுக்குத்தான். 14 நாட்களுக்குள் உரிமை மாற்றத்தைப் பதிய வேண்டும் என்பது சட்டம். வாங்குகிறவரின் அடையாள அட்டைப் பிரதி, திகதி, ஒப்படைத்த நேரம், மீற்றர் இலக்கம் ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட்டு, சாட்சி இருவரையும் வைத்து, கடிதத்தின் ஒரு பிரதியை வீட்டில் பத்திரப்படுத்தி, மறு பிரதியைத் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.